வண்டி எடுத்த போட்டோ

தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி, நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துருச்சு. பக்கத்துல உக்காந்துக்கிட்டு காதைக் கழட்டியா வைக்க முடியும்? புது வண்டி. நேர்ல வந்து எடுத்துக்கிடுறீகளா, வீட்டுக்கே கொண்டாந்து விட்ருவோமான்னு ஷோரூம்ல கேக்காக. நீங்க சாயங்காலம் சொல்றேன்னு வச்சுட்டீங்க. அம்புட்டுத்தான் கேட்டேன். மத்தது எதுவும் கேக்கல.

எங்கிட்ட மட்டும் யோசனை கேட்றாதீங்க. நீங்க கேக்கவே இல்ல, அது சரிதான். இருந்தாலும் சொல்றேன். இதே கேள்விய போன ஆவணியில எங்கிட்டயும் கேட்டாக. ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். நான் ரெண்டையும் சொன்னேன். ஷோரூமுக்கு, நேர்ல வாறேன்னு. வீட்ல, அவுகளே கொண்டாந்து விட்ருவாகன்னு.

கண்டக்டர் உங்ககிட்ட டிக்கெட் கேட்டுட்டு எங்கிட்ட கேக்காமப் போறாரேன்னு பாக்கீகளா? ஓசி இல்ல அண்ணாச்சி. அதையும் சொல்றேன்.

என் பேரு காளிராஜ். ராஜபாளையத்துல ஒரு மில்லுல ஃபிட்டர். ஊரு பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி. மில் வேன் எங்க ஊருக்குள்ள வராது, மெயின் ரோட்டுல ஊருக்குப் பிரியிற விலக்குல வந்து நிக்கணும். காலை ஷிப்டுன்னா அஞ்சு மணிக்கு அங்க நிக்கணும். மழையா இருந்தாலும் நிக்கணும். பதினெட்டு வருசம் அப்பிடித்தான் நின்னேன். வேன விட்டா அன்னைக்கு லீவு. ஒரு வண்டி வாங்கணும் வாங்கணும்னு வாயிலேயே வாங்கிக்கிட்டு இருந்தேன்.

வாங்கிக் குடுத்தது எங்கக்கா. குருவம்மாள்னு பேரு. எங்க பக்கம் நர்சக்கான்னு சொன்னாத்தான் தெரியும். வீடு வீடாப் போயி ஊசி போடுற நர்சு. எனக்கும் அதுக்கும் பதினஞ்சு வயசு வித்தியாசம். அக்காங்கிறதுக்குப் பதிலா அம்மான்னே சொல்லலாம், எங்கம்மா போனப்புறம் அதுதான எனக்குச் சோறு போட்டுச்சு, ஐ.டி.ஐ. படிக்க வச்சுச்சு. இருவத்தோரு வயசுல கட்டிக் குடுத்தாக. ரெண்டு வருசம். சிவகாசி ரோட்டுல மச்சான் வண்டியில வந்துக்கிட்டு இருக்கும்போது லாரி. முடிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்துச்சு, அழுதுச்சு, பெறகு நர்சுக்குப் படிக்கப் போயிருச்சு. அவ்வளவுதான் அதோட கதை.

சுத்துப்பட்டுல ஆறு ஊரு அதுக்கு. ஒரு மொபெட்ட வச்சுக்கிட்டு ஆறு ஊரும் சுத்தும். எந்த வீட்ல பிள்ள பிறந்தாலும் முதல்ல கையில வாங்குறது அக்காதான். சொட்டு மருந்து ஊத்துறது அக்காதான். நர்சக்கா கை பட்டா ராசின்னு சொல்லிக்கிட்டு பக்கத்து ஊர்க்காரக கூடத் தேடி வருவாக. என் மகளையும் அக்காதான் வாங்குச்சு, மாரீஸ்வரிக்கு வலி வந்து ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ஆட்டோவிலேயே. மாரீஸ்வரி என் வீட்டுக்காரி. அது வேற கதை, அதை விடுங்க.

போன வருசம் வைகாசியில அக்கா ரிட்டயர்டு ஆச்சு. மொபெட்ட அடுத்து வந்த நர்சுப் பிள்ளைக்குக் குடுத்துருச்சு. வந்த பணத்துல முதல் காரியமா எனக்கு வண்டின்னு சொல்லிருச்சு. நான் வேண்டாம் வேண்டாம்னேன். வேண்டாம்னு சொல்லும்போதே எந்தக் கலருன்னு மனசு யோசிச்சுக்கிட்டு இருக்கு. அதுவே ஒருநா பஸ்ஸேறிப் போயி வண்டியப் பாத்து, நாலு கேள்வி கேட்டு, புக் பண்ணிட்டு வந்துருச்சு. வண்டி என் பேருக்கு. ஆனா ஃபாரத்துல போன் நம்பரு அக்கா நம்பரு. இத ஞாபகம் வச்சுக்கோங்க. எனக்குத்தான் ஞாபகம் இல்லாமப் போச்சு.

வண்டி வந்துருச்சுன்னு அக்காவுக்குத்தான் போன் வந்துச்சு. உன் வண்டி, நீயே பேசுன்னு போன எங்கிட்ட நீட்டிருச்சு. வெள்ளிக்கிழமை நல்ல நாளு, நேர்ல வாறீகளா, வீட்டுக்கே விடவான்னு அந்தப் பக்கம் ஒரு பிள்ள கேக்குது. நாளைக்குச் சொல்றேன்னு வச்சேன். உங்களை மாதிரியேதான்.

அக்கா அடுப்படியில இருந்து வந்து சொல்லுச்சு, "நேர்லயே போயி எடுப்போம்டா. இருவத்தஞ்சு வருசமா நானே ஓட்டி, நானே தள்ளி, நானே பஞ்சர் பாத்தாச்சு. ஒருநா பின்னாடி உக்காந்து வாறேன். கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு."

அது அப்பிடியெல்லாம் ஆசைப்பட்டுக் கேக்குற ஆளில்ல அண்ணாச்சி. மச்சான் போனதுக்கப்புறம் யார் வண்டியிலயும் அது பின்னாடி ஏறி நான் பாத்ததே இல்ல. மறுநாளே ஒரு நீலச் சேலைய எடுத்து இஸ்திரி போட்டு கொடியில தொங்கவிட்ருச்சு. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாளு கிடக்கு.

அங்கதான் மாரீஸ்வரி ஒரு பேச்சுப் பேசிட்டா. முத முதல்ல எடுக்கிற வண்டி, பூசை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு எடுக்கிற வண்டி, சாவி வாங்கையில பக்கத்துல யார் நிக்கணும், யார் நிக்கக்கூடாதுன்னு ஒண்ணு இருக்குல்லங்க. சொல்லக்கூடாதுதான். ஆனா இருக்குல்ல. மில்லுல என்கூட வேல பாக்குறவன் ஒருத்தன் வண்டி எடுத்து மூணாம் நாளு பாலத்துல விழுந்து கால ஒடிச்சுக்கிட்டான். வண்டி எடுக்கையில அவங்க சின்னம்மா எதிர்ல வந்தாளாம், அதுவும் அக்கா மாதிரிதான். மச்சானும் வண்டியிலதான் செத்தாரு. ஆயிரத்தெட்டு யோசனை வரும்ல. பொம்பளைக பயப்படுவாக. நான் என்ன செய்ய.

சரி. பொய் சொல்லக்கூடாது. இத யார்கிட்டயும் நான் சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்றேன், நீங்க எங்கயோ இறங்கிப் போகப்போறீங்க. மாரீஸ்வரி அப்பிடி எதுவும் பேசல. வெள்ளிக்கிழமை யார் யார் போறோம்னு மட்டும்தான் கேட்டா. மத்ததெல்லாம் நானாச் சொன்னது. அவ கேட்டுக்கிட்டு சும்மா இருந்தா. ஒரு வருசமா அவ தலையிலதான் போட்டுக்கிட்டு இருக்கேன். மனசுக்குள்ளகூட அப்பிடியே சொல்லிச் சொல்லி, அவதான் சொன்னாங்கிற மாதிரியே ஆயிப்போச்சு.

மறுநா அக்காகிட்டச் சொன்னேன். ஷோரூமுக்குப் பேசிட்டேங்க்கா, வெள்ளிக்கிழமை ஏகப்பட்ட வண்டி போகுதாம், ஒரே கூட்டமாம், வீட்டுக்கே அவுக ஆளு ஓட்டிட்டு வந்து விட்ருவானாம், நான் போயி கையெழுத்துப் போட்டா மட்டும் போதுமாம். சொல்லும்போது நான் அக்கா மூஞ்சியப் பாக்கல. கொடியில கிடந்த சேலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அக்கா, அதுவும் நல்லதுதான், டவுனுக்குள்ள புது வண்டிய நீ ஓட்டிட்டு வரப் பயமாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு, எத்தன மணிக்கு வருவாகன்னு கேட்டுச்சு. பதினோரு மணி வாக்குலன்னேன். சாயங்காலம் பாக்கேன், சேலைய மடிச்சு உள்ள வச்சிருக்கு.

நான் போட்ட திட்டத்தக் கேட்டா சிரிப்பீங்க. மகளுக்குத் துணி எடுக்கப் போறேன்னு மாரீஸ்வரி முதல் பஸ்ஸுல போயிரணும். கையெழுத்துப் போடணும்னு நான் அடுத்த பஸ்ஸு. ஷோரூம்ல ரெண்டு பேரும் சேந்து பூசை போட்டு வண்டிய எடுக்கணும். வரும்போது விலக்குல அவள இறக்கி விட்ருவேன், அவ ஷேர் ஆட்டோவுல வந்துருவா. நான் மட்டும் வண்டியோட வீட்டுக்கு வந்து, அந்த ஆளு விலக்கு வரைக்கும் ஓட்டிட்டு வந்தான், வேற டெலிவரி இருக்குன்னு அங்கயே குடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிருவேன். மில்லுல ஒரு மெசின மாட்டும்போதுகூட நான் இவ்வளவு யோசிச்சதில்ல.

ஷோரூம்ல கூட்டமே இல்ல அண்ணாச்சி. நாங்க மட்டும்தான். வண்டிய நடுவுல நிப்பாட்டி, மாலை போட்டு, சந்தனம் வச்சு, சக்கரத்துக்குக் கீழ ரெண்டு எலுமிச்சம்பழம். எங்க ரெண்டு பேருக்கும் மாலை. அட்டையில செஞ்ச பெரிய சாவி ஒண்ணு, கதவு அளவுக்கு இருக்கும், அத ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அந்தப் பிள்ள ஃபாரத்தப் பாத்துட்டு, புக் பண்ணுனது குருவம்மாள்னு இருக்கே, அம்மாவா சார், அவங்க வரலையா, அவங்க வந்தப்புறம் எடுத்துக்கலாமேன்னு கேட்டுச்சு. அவுகளுக்கு உடம்பு சரியில்லன்னுட்டேன். மாரீஸ்வரி என்னையத் திரும்பிப் பாத்தா. சிரிங்க சார்னு அந்தப் பிள்ள சொல்லுச்சு. சிரிச்சோம். போட்டோ எடுத்தாக. நம்பருக்கு அனுப்பிட்டேன் சார்னு சொல்லுச்சு. சரிம்மான்னேன். எந்த நம்பருக்குன்னு கேக்கல.

வண்டி நல்ல வண்டி. ரோட்டுல வழுக்கிக்கிட்டுப் போகுது. பதினெட்டு வருசம் நின்ன ரோட்டுல நான் சொந்த வண்டியில வாறேன், சந்தோசமா இருக்கணும்ல? மாரீஸ்வரி பின்னாடி மாலையக் கழட்டி மடியில வச்சுக்கிட்டா. விலக்கு கிட்ட வரும்போது சொன்னா, எனக்கு இது நல்லா இல்லங்க, நேரா வீட்டுக்குப் போயிருவோம், அக்கா என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுறேன்னு. நான் அவளச் சத்தம் போட்டேன். இவ்வளவு தூரம் வந்து கெடுக்காதன்னு. இறங்கிட்டா. கழுத்துல இருந்து கழட்டுன மாலைய எங்க வைக்கன்னு தெரியாம, கையில சுத்திக்கிட்டு ரோட்டோரம் நின்னா. அந்த இடத்துல ஒரு மரங்கூடக் கிடையாது.

எங்க தெருவுக்குள்ள திரும்புறேன். வாசல்ல தண்ணி தெளிச்சு, எட்டுப் பத்து அடிக்குக் கோலம். வண்டி ஏற வசமா படிகிட்ட ஒரு பலகை சாத்தியிருக்கு. பூசணிக்காய் தயாரா இருக்கு. எதுத்த வீட்டு ராமத்தாய் மதினி ஆரத்தித் தட்டோட நிக்காக. பக்கத்து வீடுகள்ல இருந்து நாலஞ்சு பேரு. அக்காவ மட்டும் காணோம்.

நான் வண்டிய நிப்பாட்டி, ஆள் விலக்கு வரைக்கும் ஓட்டிட்டு வந்தான்னு ஆரம்பிக்கிறேன், பாதி வாயில இருக்கு. ராமத்தாய் மதினி கேக்காக, "மாரி எங்க தம்பி? போட்டோவுல ரெண்டு பேரும் மாலையும் கழுத்துமா நின்னீகளே?"

எந்தப் போட்டோன்னு கேட்டேன். நர்சக்கா போனுக்கு வந்துச்சே, பத்தரை மணிக்கு, வண்டி எடுத்துட்டாக கிளம்பிட்டாகன்னு தெருவுல எல்லாருக்கும் காட்டுச்சே, மாரி மாலையில அம்சமா இருக்கான்னு சொல்லுச்சேன்னாக. அவுக வெள்ளந்தியாத்தான் சொன்னாக. அங்க நின்ன யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். கழுத்துல மாலை வேற. அதக் கழட்டுறதா, அப்பிடியே நிக்கிறதான்னு தெரியல.

அக்கா எங்கன்னு கேட்டேன். பின்கட்டுல இருக்கு, வண்டி உள்ள வந்ததும் குரல் குடுக்கச் சொல்லுச்சு, தட்ட காலையில எட்டு மணிக்கே எங்கிட்டக் குடுத்துருச்சுன்னாக.

கேட்டீகளா அண்ணாச்சி. எட்டு மணிக்கே. போட்டோ வந்தது பத்தரைக்கு. அதுக்கு முன்னாடியே தட்ட அடுத்தவுக கையில குடுத்துட்டு அது ஒதுங்கிருச்சு. வீட்டு வாசல்லயே ஒதுங்குறது ஷோரூம்ல ஒதுங்காதா? கூட்டிட்டுப் போயிருந்தாலும் வெளியதான் நின்னிருக்கும். பூசையெல்லாம் முடிஞ்சு வண்டி ரோட்டுக்கு வந்தப்புறம் வந்து பின்னாடி ஏறியிருக்கும். நான் சொல்லியா அதுக்குத் தெரியணும்? முப்பத்தேழு வருசமாத் தெரியும். அந்த ஒரு பொய்ய மட்டும் நான் சொல்லாம இருந்திருக்கலாம். அது ஒண்ணுதான் தப்பு. மத்தபடி வண்டிக்கு இன்னைய வரைக்கும் ஒரு கீறல் இல்ல, அதையும் சொல்லணும்ல.

பின்கட்டுக்குப் போனேன். அக்கா துவைக்கிற கல்லுல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நீலச் சேலை இல்ல, வீட்ல கட்டுற பழசு. நான் நிக்கிறேன். அது தலைய நிமித்தி மாலைய ஒரு பார்வை பாத்துச்சு. திட்டும்னு நினைச்சேன். அழும்னு நினைச்சேன்.

"மாரிய எங்கடா இறக்கி விட்ட?"ன்னுச்சு. "வெயில்ல நிக்கப் போறா, போய்க் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் ஆரத்தி எடுக்க முடியும்."

அவ்வளவுதான் பேசுச்சு. செருப்பால அடிச்சிருந்தாலும் வாங்கிக்கிட்டு நின்னிருப்பேன்.

திரும்பிப் போனேன். மாலை போட்ட வண்டியில, மாலை போட்ட கழுத்தோட, கோலத்த மிதிச்சுக்கிட்டு. விலக்குல அவ அப்பிடியே நிக்கா, ஆட்டோ வரல. ஏன் வந்தீகன்னு கேக்கவே இல்ல, ஏறிட்டா. மாலைய மறுபடியும் கழுத்துல போட்டுக்கிட்டா. ராமத்தாய் மதினி ஆரத்தி எடுத்தாக. பூசணிக்காய் உடைச்சாச்சு. வண்டி பலகையில ஏறி உள்ள வந்து நின்னப்புறம் அக்கா வெளிய வந்துச்சு. முந்தானையால சீட்டத் தொடச்சு விட்டுச்சு. நல்ல கலருன்னு சொல்லுச்சு. எல்லாருக்கும் கேசரி குடுத்துச்சு.

அன்னைக்கு ராத்திரி மாரீஸ்வரி ஒண்ணே ஒண்ணு கேட்டா. நம்ம பிள்ளைய முதல்ல தொட்டது யாருங்கன்னு. நான் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன்.

மன்னிப்பு கேக்கலாம்ல, அதுதான நினைக்கீங்க. கேக்கல. கேட்டா நான் செஞ்சது அதுதான்னு ஆயிரும்ல. இப்ப அது வாய விட்டுச் சொல்லல, நானும் சொல்லல. ஏதோ ஷோரூம்காரக கடைசி நேரத்துல மாத்திட்டாகங்கிற மாதிரி போய்க்கிட்டு இருக்கு. பத்து வாட்டியாவது கேட்டுட்டேன், அக்கா ஏறுக்கா, கோயிலுக்குப் போவோம், சும்மா விலக்கு வரைக்கும் போயிட்டு வருவோம்னு. இன்னொரு நா போவோம்டாங்கும். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும்.

இதுல இன்னொண்ணு கேளுங்க. அந்தப் போட்டோவ டவுன்ல குடுத்து பெருசா கழுவி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசல் நடைக்கு நேரா மாட்டிருச்சு. நானும் மாரீஸ்வரியும் அட்டைச் சாவியப் பிடிச்சுக்கிட்டு இளிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ. வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டும். என் தம்பி வண்டி எடுத்தப்ப எடுத்ததுன்னு. நீ போகலையா நர்சக்கான்னு ஒருத்தரு கேட்டாரு. எனக்கு அன்னைக்கு முட்டி வலின்னு சொல்லுச்சு. வேணும்னே மாட்டுச்சா, ஆசையில மாட்டுச்சா, எனக்கு இன்னும் பிடிபடல அண்ணாச்சி. ஷிப்டுக்குப் போகும்போது அதத் தாண்டித்தான் போகணும். வரும்போதும் தாண்டித்தான் வரணும். குனிஞ்சுதான் போறேன்.

வண்டி இருக்குல்ல, ஏன் பஸ்ஸுலன்னு கேக்குறீங்க. அங்க பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், நீலச் சேலை. அதான் அக்கா. கண்ணுல புரை விழுந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போறோம். அது அன்னைக்கு இஸ்திரி போட்ட சேலைதான். வண்டியில கூட்டிட்டுப் போறேங்க்கான்னு காலையில கெஞ்சுனேன். நீ வண்டியில வாடா, நான் பஸ்ஸுல வந்துர்றேன், உனக்கு எதுக்குச் சிரமம்னுச்சு. கோவமெல்லாம் கிடையாது. கோவப்பட்டா நான் பிழைச்சுக்குவேன். அது பஸ்ஸேறுச்சு, நானும் பின்னாடி ஓடி வந்து ஏறுனேன். பொம்பளைக சீட்டு முன்னாடி, நான் இங்க.

ஏறுன உடனே ரெண்டு டிக்கெட் எடுத்துருச்சு. திரும்பிப் பாத்து, அந்தா அவன் என் தம்பின்னு கண்டக்டர்கிட்ட கை காட்டுச்சு. நாப்பத்தஞ்சு வயசு அண்ணாச்சி எனக்கு.

உங்க போன் அடிக்குது, எடுங்க. ஷோரூமாத்தான் இருக்கும். ஏதோ ஒண்ணச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துருச்சு. அக்கா எந்திரிச்சிருச்சு. படியில கால் வைக்கையில ஒரு தடவ திரும்பிப் பாக்கும், நான் வாறேனான்னு. கண்ணு சரியாத் தெரியாது, இருந்தாலும் பாக்கும். வழி விடுங்க அண்ணாச்சி, அது பாக்கும்போது நான் எந்திரிச்சு நிக்கணும்.